திரைக்கு வெளியே நிற்பவர்

போன ஜூன் மாதம் அக்கா மகனை ஒரு அமெரிக்க ஃபுட்பால் கேம்ப்பிலிருந்து கூட்டிவரப் போயிருந்தேன். பள்ளி அணியில் சேஃப்டி ஆடுகிறான், அதாவது தடுப்பாட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் நிற்கும் ஆள், அப்போது பதினோராம் வகுப்புக்குப் போகவிருந்தான். காரில் ஏறியவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். பாதி வழியில்தான் வாயைத் திறந்தான். "4.92 மாமா." அவ்வளவுதான். 40 யார்டு ஓட்டத்தில் அவனுக்கு வந்த நேரம் அது, விநாடியில். அங்கே வந்திருந்த மற்ற சேஃப்டிகளில் ஒருவனுக்கு 4.6 வந்ததாம், இன்னொருவனுக்கு 4.7. "இதுக்கு மேல ஆடி என்ன ஆகப்போகுது?" என்று கேட்டான். மாமன்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்றை நானும் சொன்னேன். அது அவன் காதைத் தாண்டி உள்ளே போகவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து 2022ஆம் வருட நோட்டை எடுத்தேன். அவன் கேட்ட அதே கேள்விக்கு, வேறொருவர் விஷயத்தில், நான் ஏற்கெனவே ஒரு தப்பான பதிலை என் கையாலேயே எழுதிவைத்திருக்கிறேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது பால்டிமோர் பக்கம், மனதில் இருப்பது ஊரின் என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) அணியான ரேவன்ஸ். ஒவ்வொரு வருடமும் ஜனவரி தொடங்கி ஏப்ரல் கடைசி வரை, டிராஃப்டுக்கு (என்எஃப்எல் அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் நிகழ்ச்சி) வரப்போகும் கல்லூரிப் பையன்களின் ஆட்டங்களைப் பார்த்து, முதல் சுற்றுக்கு என் கணக்கில் 32 பேரை வரிசைப்படுத்தி எழுதுவேன். கூட வேலை பார்க்கும் மூன்று பேரும் இதேபோல எழுதுவார்கள், டிராஃப்ட் முடிந்ததும் மதியச் சாப்பாட்டில் ஒப்பிட்டுப் பார்ப்போம். 2022 நோட்டில் ஒரு பெயர் மூன்று இடங்களில் இருக்கிறது. ஜனவரிப் பட்டியலில் 3ஆவது: கைல் ஹாமில்டன், நோட்டர் டேம், சேஃப்டி. மார்ச் பட்டியலில் அதே பெயர் 9ஆவது. ஏப்ரலில் 17. அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "வேகம் போதாது" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அந்த அடிக்கோடுதான் இத்தனை வருடமாக என்னை உறுத்துகிறது.

ஹாமில்டனைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கிரேக்கத்தில், கிரீட் தீவில், 2001இல் பிறந்தவர். அப்பா கூடைப்பந்து ஆட்டக்காரர், அம்மா கொரியாக்காரர், வளர்ந்தது அட்லான்டாவில். உயரம் 6 அடி 4 அங்குலம், எடை 220 பவுண்டு. சேஃப்டி என்றால் பெரும்பாலும் ஆறடிக்கு முன்பின் இருப்பார்கள். இவரைப் பார்த்தால், முன்னால் நிற்கும் பருத்த தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கர் ஒருவர் வழி தவறிப் பின்னால் போய் நிற்கிறார் என்றுதான் தோன்றும். 2019இல் நோட்டர் டேமில் சேர்ந்து, சொந்த மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே எதிரணியின் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தோடு நுழைந்து புள்ளி எடுப்பது) போட்டார். மூன்று வருடத்தில் 8 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தை இடையில் பிடித்தது. 2021 அக்டோபரில் யுஎஸ்சி அணிக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் அடிபட்டு, அந்த சீசன் அதோடு முடிந்தது. ஏழே ஆட்டம் ஆடியும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பட்டியலில் அவரை வைத்தார்கள்.

அப்புறம் 2022 மார்ச்சில் இண்டியானாபோலிஸில் கம்பைன் நடந்தது, டிராஃப்டுக்கு முன்னால் பையன்களை ஓடவிட்டு அளக்கும் பரீட்சை. 40 யார்டு ஓட ஹாமில்டனுக்கு 4.59 விநாடி. அதே நாளில் ஜார்ஜியாவின் லூயிஸ் சீன் 4.37இலும், மிச்சிகனின் டாக்ஸ்டன் ஹில் 4.38இலும் ஓடினார்கள். இரண்டு பேரும் சேஃப்டிதான். அதே மாதம் நோட்டர் டேம் தன் வளாகத்தில் நடத்திய, இதே மாதிரிப் பரீட்சையான புரோ டேயில் ஹாமில்டன் மறுபடியும் ஓடினார், அங்கே இன்னும் மெதுவாக, 4.7க்குப் பக்கத்தில் வந்தது என்று செய்தி. அவ்வளவுதான், ஊர் முழுக்க ஒரே பேச்சு. நான் மட்டும் தனியாகத் தடுமாறவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நோட்டில் இருப்பது என் கையெழுத்து.

எண் ஏன் அவ்வளவு சுலபமாக உள்ளே நுழைகிறது

டிவியில் ஃபுட்பால் பார்ப்பவர்களுக்கு சேஃப்டி பாதி நேரம் கண்ணில் படவே மாட்டார். ஆட்டம் தொடங்கும் நொடியில் கேமரா பந்தைச் சுற்றியே இருக்கும், 12, 15 யார்டு தள்ளிப் பின்னால் நிற்கும் ஆள் திரைக்கு வெளியே இருப்பார். பந்து மேலே போனபிறகு கேமரா அதைத் துரத்தும். பந்து இறங்கும் இடத்தில் சேஃப்டி வந்து சேர்ந்திருந்தால் பார்க்கிறோம், வராவிட்டால் "எங்கடா போனான்" என்று திட்டுகிறோம். அவர் எங்கே நின்றார், எதைப் பார்த்தார், எப்போது கிளம்பினார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாமலேயே முடிந்துவிடும். அதைவிட ஒரு சங்கடம், அவர் உண்மையில் பிரமாதமாக ஆடிய தருணங்களில் அவர் பக்கம் பந்தே வந்திருக்காது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார், ஆள் நிற்பது தெரிந்ததும் வேறு பக்கம் திரும்பி, சின்னதாக ஒரு பாஸ் போட்டுவிட்டுப் போய்விடுவார். புள்ளிவிவரத்தில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

பயிற்சியாளர்கள் பார்ப்பது வேறு படம். ஆல்-22 என்பார்கள், உயரத்திலிருந்து எடுத்தது, 22 பேரும் தெரிவார்கள். என்எஃப்எல் ஆட்டங்களுக்கு அதை ரசிகர்களும் காசு கட்டிப் பார்க்கலாம். கல்லூரி ஆட்டங்களின் ஆல்-22 பெரும்பாலும் அணிகளுக்குள்ளேயே சுற்றும். ஆக, டிராஃப்டுக்கு முன்னால் என்னைப்போன்ற ஒரு ஆள் குவார்ட்டர்பேக்கைப் பற்றி எழுதும்போது கண்ணால் நிறையப் பார்த்துவிட்டு எழுதுகிறான். சேஃப்டியைப் பற்றி எழுதும்போது அரைகுறையாகப் பார்த்துவிட்டு எழுதுகிறான். அந்தக் காலி இடத்தில்தான் 4.59 என்ற எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்க்காததற்கெல்லாம் சேர்த்து அது பதில் சொல்வது மாதிரி ஒரு நிம்மதி. ஹாமில்டனை 3இலிருந்து 17க்கு நான் இறக்கியபோது எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை, கவனமாக வேலை செய்கிறேன் என்றே நினைத்தேன்.

டிராஃப்ட் நடந்தது ஏப்ரல் 28, லாஸ் வேகஸில். எங்கள் அணிக்கு 14ஆவது வாய்ப்பு. ஜார்ஜியாவின் ஜோர்டன் டேவிஸ், 341 பவுண்டு எடையோடு 4.78இல் ஓடிய மலை மாதிரி ஆள், அவர் நமக்கு வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். ஈகிள்ஸ் அணி பேரம் பேசி 13ஆவது இடத்துக்கு ஏறி அவரைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த பெயர் ஹாமில்டன். ஒரு மாதம் முன்னால்தான் மார்கஸ் வில்லியம்ஸ் என்ற இன்னொரு சேஃப்டியை 5 வருடம், 70 மில்லியன் டாலர் என்று ரேவன்ஸ் வாங்கியிருந்தது. எதற்கு இன்னொருவர், அதுவும் வேகம் இல்லாதவர் என்று அன்று இரவு நண்பர்களுக்குக் கோபமாக நிறைய எழுதினேன்.

செப்டம்பர் வந்தது. இரண்டாவது வாரம், மயாமிக்கு எதிராக சொந்த மண்ணில் ஆட்டம். மூன்றாவது கால்பகுதி முடியும்போது 35-14 என்று முன்னால் இருந்தோம். கடைசிக் கால்பகுதியில் 28 புள்ளி கொடுத்து 42-38 என்று தோற்றோம். மயாமியின் குவார்ட்டர்பேக் டூவா டகோவைலோவா அன்று 469 யார்டு, 6 டச்டவுன். அவர்களின் ரிசீவர் (பந்தைப் பிடிக்க ஓடுபவர்) டைரீக் ஹில் எங்கள் பின்வரிசைக்குப் பின்னால் தனியாக ஓடி இரண்டு நீளமான பந்துகளைப் பிடித்தார். அன்றைக்குக் குழப்பம் பின்வரிசை முழுக்க இருந்தது, ஒரு புது ஆளின் தலையில் அதைக் கட்டுவது நியாயமே இல்லை. நான் கட்டினேன். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து அந்தச் சிவப்பு அடிக்கோட்டைப் பார்த்தேன், தோல்வியின் வருத்தத்தையும் மீறி உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. சொந்த அணி தோற்ற நாளில் வந்த திருப்தி அது. எழுதும்போதே கூசுகிறது, ஆனால் அது நடந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் கேள்வி

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளி அணிகளில் பின்வரிசைப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்றவர். 2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு ஹாமில்டன் பக்கம் போனது. நான் பெருமையாக நோட்டை எடுத்து வந்து காட்டினேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தவர், "இதை எப்ப 9ஆக்கினே?" என்று கேட்டார். மார்ச்சில் என்றேன். "மார்ச்சில அவன் யாரோட ஆடினான்?"

யாரோடும் ஆடவில்லை. அக்டோபரிலேயே அடிபட்டு உட்கார்ந்துவிட்டவர். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் ஹாமில்டன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, ஆனால் என் நோட்டில் பதினாலு இடம் கீழே போயிருக்கிறார். அந்தக் கேள்வியை நானே என்னிடம் ஒரு வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் அவர் டலஹாசி ஆட்டத்தைப் போடச் சொன்னார். 2021 செப்டம்பர் 5, ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக நோட்டர் டேம் கூடுதல் நேரத்தில் 41-38 என்று ஜெயித்த ஆட்டம். அதில் ஹாமில்டனுக்கு இரண்டு இன்டர்செப்ஷன். ஒன்று ரொம்பப் பிரபலம், அந்த வசந்தத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து ஓடிவந்து, எல்லைக்கோட்டை ஒட்டிப் பறந்த பந்தை எட்டிப் பிடித்தது. நானும் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பந்து குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் போகும் நொடியில் நிறுத்தச் சொன்னார் பெரியவர். நிறுத்தினேன். "இப்ப அவனைக் காட்டு."

காட்ட முடியவில்லை. திரையில் அவர் இல்லை. பத்துத் தடவை பார்த்த எனக்கு, அந்தப் பந்து கிளம்பிய நொடியில் அவர் எங்கே இருந்தார் என்று ஒரு தடவையும் கேட்கத் தோன்றவில்லை. பந்தைத் துரத்திய கேமராவோடு நானும் போயிருக்கிறேன், முடிவில் ஒரு நீளமான கை உள்ளே வருகிறது, கைதட்டியிருக்கிறேன். பிறகு பின்பக்கத்திலிருந்து எடுத்த மறு ஒளிபரப்பைப் போட்டோம். அதில் அவர் தெரிகிறார், எதிர்ப்பக்க ஹாஷ் கோட்டுப் பக்கம். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என்எஃப்எல்லில் நடுவில் இருக்கும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடைவெளி 18 அடி 6 அங்குலம். கல்லூரி மைதானத்தில் அது 40 அடி. மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆகவே கல்லூரியில் ஒரு ஹாஷ் கோட்டிலிருந்து தூரத்து எல்லைக்கோடு 100 அடி தள்ளி இருக்கிறது. பந்து ஆகாயத்தில் இருக்கும் நேரத்துக்குள் அந்தத் தூரத்தைக் காலால் மட்டும் யாராலும் ஜெயிக்க முடியாது. முன்னாலேயே கிளம்ப வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தவரை, பந்து கையை விடும்போதே அவர் இடுப்பு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கிரிக்கெட்டில் பாயின்ட்டில் நிற்கும் நல்ல ஃபீல்டர், பந்து மட்டையில் படும் முன்பே மட்டையின் கோணத்தைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைப்பாரே, அந்த மாதிரி.

பெரியவர் இன்னொரு கேள்வி கேட்டார், எனக்கு எல்லாமே திரும்பியது அந்தக் கேள்வியில்தான். "40 யார்டு ஓட்டத்தில கடிகாரத்தை யார் ஆரம்பிக்கிறாங்க?"

எனக்குப் பதில் தெரியும், ஆனால் அதைப் பற்றி யோசித்ததில்லை. ஒலிம்பிக் ஓட்டம் மாதிரி அங்கே துப்பாக்கிச் சத்தம் கிடையாது. ஓடுபவர் கோட்டில் குனிந்து, மூச்சு வாங்கி, தனக்குத் தயாரான நேரத்தில் கிளம்புவார். அவர் அசைந்த பிறகுதான் பக்கத்தில் நிற்பவர் கடிகாரத்தை அமுக்குவார். முடிவுக் கோட்டில் மட்டும் மின்னணுக் கருவி. அதாவது எதையோ பார்த்துப் புரிந்துகொண்டு கிளம்ப எவ்வளவு நேரம் ஆனது என்பது அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை. வேண்டுமென்றேதான் அதை வெளியே வைத்திருக்கிறார்கள், காலின் வேகத்தை மட்டும் அளக்க. அதில் தப்பு எதுவும் கிடையாது. ஆனால் சேஃப்டிக்குப் பாதி வேலை கிளம்புவதற்கு முன்னால்தானே இருக்கிறது. குவார்ட்டர்பேக்கின் தோள் எந்தப் பக்கம் திறக்கிறது, ரிசீவர் எட்டாவது யார்டில் வேகத்தைக் குறைக்கிறாரா, ஓட்டக்காரருக்குக் கொடுப்பது மாதிரி பந்தைக் காட்டியது பொய்யா நிஜமா, இதையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் கால் வேலைக்கு வருகிறது.

அவர் போனபிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4.59க்கும் 4.37க்கும் வித்தியாசம் 0.22 விநாடி. முழு வேகத்தில் ஓடும் ஆள் விநாடிக்கு 9, 10 யார்டு போவார் என்று வைத்துக்கொண்டால், 40 யார்டு ஓடி முடிக்கும்போது இரண்டு பேருக்கும் நடுவில் சுமார் இரண்டு யார்டு இடைவெளி. வேகமானவர் கால் விநாடி தாமதமாகப் புரிந்துகொண்டால் அந்த இரண்டு யார்டும் போய்விட்டது. அதற்கு மேல் கோணம் வேறு இருக்கிறது. பந்து இறங்கப்போகும் இடத்துக்கு நேராக ஓடுகிறவர், ரிசீவர் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி ஓடிவிட்டுப் பாதியில் திரும்புகிறவரைவிடக் குறைந்த தூரம்தான் ஓடுகிறார். இந்தக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் அதை மார்ச் 2022இல் போடாமல், பிப்ரவரி 2023இல் போட்டேன்.

அவர் எங்கே நிற்பார்

இதோடு கதையை முடித்தால் சுகமாக இருக்கும், வேகமெல்லாம் ஒன்றுமே இல்லை, கண்தான் எல்லாம் என்று. நான் அப்படி நம்பவில்லை. பின்னால் தனி ஒரு சேஃப்டி மட்டும் நின்று, ஒரு எல்லைக்கோட்டிலிருந்து இன்னொன்று வரை முழு அகலத்தையும் காக்கும் ஆட்டமுறை இருக்கிறது. சியாட்டிலில் எர்ல் தாமஸ் அதைத்தான் வருடக்கணக்கில் செய்தார், அதற்கு நிஜமாகவே கால் வேண்டும். ஆட்டம் முழுக்க ஹாமில்டனை அங்கே நிறுத்தியிருந்தால் அவர் இன்றைய ஹாமில்டனாக ஆகியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ரேவன்ஸின் அப்போதைய தடுப்பாட்டப் பயிற்சியாளர் மைக் மெக்டொனால்ட் அவரை அங்கேயே கட்டிப்போடவில்லை. ஒரு தடவை உள்பக்கம் நிற்கும் ஸ்லாட் ரிசீவருக்கு எதிரே, ஒரு தடவை லைன்பேக்கர் வரிசையில், ஒரு தடவை பின்னால், இன்னொரு தடவை நேராகக் குவார்ட்டர்பேக் மேல் பாய விட்டார். அந்த உயரமும் நீளமான கையும் எங்கெல்லாம் தொந்தரவு கொடுக்குமோ அங்கெல்லாம் நிறுத்தினார்.

2023 செப்டம்பரில் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுக்கு எதிரான ஆட்டம். நான் மைதானத்தில் இருந்தேன், மழை. சேஃப்டியான ஹாமில்டன் ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை குவார்ட்டர்பேக்கைத் தரையில் வீழ்த்தினார். ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் தோற்றோம், ஆனால் நனைந்துகொண்டே காருக்கு நடந்தபோது எனக்கு அந்த மூன்றும்தான் கண்ணில் ஓடியது. நவம்பரில் கிளீவ்லாந்துக்கு எதிராக, ஆட்டம் ஆரம்பித்து உட்காருவதற்குள், கோட்டருகே எழும்பிக் குவார்ட்டர்பேக்கின் பந்தைத் தட்டி, அதைத் தானே பிடித்து, 18 யார்டு ஓடி டச்டவுன். 6 அடி 4 அங்குலம் இல்லாமல் அது நடக்காது. அந்த வருடம் லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் அவர் பெயர் வந்தது. 2025 ஆகஸ்டில் 4 வருடத்துக்கு 100.4 மில்லியன் டாலர் என்று புது ஒப்பந்தம், சேஃப்டி ஒருவருக்கு அதற்கு முன் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

ஆகவே 2022இல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "எவ்வளவு வேகம்" என்பதைவிட "எந்த அணி, எங்கே நிறுத்தப்போகிறது" என்பதாக இருந்திருக்க வேண்டும். பொதுவாக சேஃப்டி என்று ஒரு ஆளை எடைபோடவே முடியாது என்று இப்போது நினைக்கிறேன். அந்த ஏப்ரல் பட்டியலில் ஹாமில்டனுக்கு மேலே நான் தூக்கி வைத்த ஒருவர் லூயிஸ் சீன், 4.37. மின்னசோட்டா அவரை 32ஆவதாக எடுத்தது. அக்டோபரில் லண்டனில் நடந்த ஆட்டத்தில் அவர் கால் மோசமாக முறிந்தது, 2024 ஆகஸ்டில் அணி அவரை விடுவித்துவிட்டது. அதை வைத்து வேகத்தை நம்பியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பையனுக்கு ஆட ஒரு நியாயமான வாய்ப்பே கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், அதே வருடம் 97ஆவதாக டெட்ராய்ட் எடுத்த இல்லினாயின் கெர்பி ஜோசப், 2024இல் 9 இன்டர்செப்ஷனோடு லீகிலேயே முதலில் வந்தார். என் நோட்டில் அவர் பெயர் எந்த மாதப் பட்டியலிலும் இல்லை. அவர் ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை.

இப்போது வசந்தம் வந்தால் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஆட்டம் தொடங்கும் முன் யார் கையை நீட்டி அடுத்தவரை நகர்த்துகிறார், அவர் சொன்னதும் மற்றவர்கள் நகர்கிறார்களா என்று பார்க்கிறேன், சக ஆட்டக்காரர்கள் யாரை நம்புகிறார்கள் என்பது அதில் தெரியும். திறந்த வெளியில் ஓட்டக்காரரைத் தனியாகச் சந்திக்கும்போது கடைசி மூன்று அடியில் வேகத்தைக் குறைத்து நிதானத்துக்கு வருகிறாரா, இல்லை பாய்ந்து விழுகிறாரா என்று பார்க்கிறேன். சேஃப்டிக்குப் பின்னால் ஆளே கிடையாது, அவர் தவறவிட்டால் அது டச்டவுன். பந்து திரையின் ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் நிறுத்தி, பின்பக்கக் கோணம் கிடைக்கும் வரை காத்திருக்கிறேன். கம்பைன் எண்ணைக் கடைசியில்தான் எழுதுகிறேன், அதுவும் பென்சிலில்.

4.92

அக்கா மகனுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், ஆனால் "அவர் ஆறடி நாலு மாமா" என்றான். நியாயம்தான். இவன் ஐந்தடி பத்து. ஹாமில்டன் கதையைச் சொல்லி இவனுக்கு நம்பிக்கை கொடுக்க முயன்றது, 4.59ஐ வைத்து அவரை இறக்கிய அதே சோம்பேறித்தனம்தான் என்று அப்போது தோன்றியது. வேறொருவரின் கணக்கை இவன்மேல் வைத்துப் பார்ப்பது. இவனைப் பார்க்க வேண்டுமென்றால் இவன் ஆடியதைத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளி ஆட்டங்களில் ஒரு நல்ல விஷயம், கேமரா மேலே கூரையருகே ஒரே இடத்தில் இருக்கும், பின்வரிசை முழுக்கத் தெரியும். போன சீசனின் பத்து ஆட்டங்களையும் அவன் லேப்டாப்பில் வைத்திருந்தான். ஜூலை மாதம் வாரத்துக்கு இரண்டு மாலை அக்கா வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்தோம், முதல் இரண்டு நாள் பெரியவரும் வந்தார். அக்கா தட்டில் பஜ்ஜி போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தாள். எதிரணி 10 யார்டுக்கு மேல் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும், அது கையை விட்டுப் போகும் நொடியில் நிறுத்துவோம். அவன் எங்கே இருக்கிறான், இடுப்பு எந்தப் பக்கம், கண் எங்கே என்று மூன்று வரி எழுதுவோம். நான் ஆசைப்பட்ட பதில் வரவில்லை. நேராகப் பின்வாங்கி எறியும் பந்துகளில் பையன் உண்மையிலேயே சீக்கிரம் கிளம்புகிறான், பெரியவரே இரண்டு தடவை தலையாட்டினார். ஆனால் ஓட்டக்காரருக்குக் கொடுப்பது மாதிரிக் காட்டி ஏமாற்றும் ஆட்டங்களில் ஒவ்வொரு தடவையும் இரண்டு அடி முன்னால் வந்துவிடுகிறான். திரும்பி ஓடும்போது அந்த இரண்டு அடியை மறுபடியும் சம்பாதிக்க வேண்டும், 4.92 கால் அப்போதுதான் அவனுக்குப் பாரமாகிறது. பெரியவர் அதைப் பூசி மெழுகவில்லை. "உன் கண் பின்னால ஓடுற பையன் மேல இருக்கு. உன் முன்னால இருக்கற கார்டைப் பாரு, அவன் எழும்பி நின்னா அது பாஸ்" என்றார். கார்டு என்பது எதிரணியில் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் வழிமறித்து நிற்கும் ஆட்டக்காரர்.

பையன் ஒன்றும் பேசவில்லை. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, அதே ஆட்டத்தைப் பின்னால் ஓட்டினான். கார்டு ஆடும் பையன் எழும்பி நிற்பதைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே நிறுத்தினான். பிறகு திரையின் அடியில் தன்னைத் தேடினான், விரலை வைத்துத் தன் கால் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான். "இங்கயே தெரிஞ்சிருக்கு மாமா" என்றான். "நான்தான் பாக்கல. அடுத்ததைப் போடட்டா?"